பேலியகொடையில் தொலையாத நாய்

அக்கா,

இன்று வெள்ளிக்கிழமை. அடுப்பில் சூடை மீன் அவிகிறது. மஞ்சள் மட்டும் போட்டு, உப்பில்லாமல், நீங்கள் எழுதித் தந்தபடியே. ஜன்னல் இரண்டையும் திறந்து வைத்தும் வாடை வீட்டை விட்டுப் போவதாக இல்லை. மேல் வீட்டு அம்மா சற்று முன் படி இறங்கும்போது என் வாசலில் வேண்டுமென்றே ஒரு தும்மல் தும்மிவிட்டுப் போனார். சைவக் குடும்பம், வெள்ளிக்கிழமை, அவரைக் குறை சொல்ல முடியாது.

உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும். நாம் பிறந்த கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்க வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் இறைச்சி இல்லை, மீன்தான். நான் வாழ்க்கைப்பட்ட வெள்ளவத்தைச் சைவ வீட்டில் வெள்ளிக்கிழமை மீனும் இல்லை. கல்யாணம் முடிந்த முதல் மாதமே அதைப் பிடித்துக்கொண்டீர்கள். "ஒரு பஸ் ஏறி இறங்கினதும் சாமியாராப் போனாய் என்ன" என்று எல்லார் முன்னாலும் கேட்டீர்கள். என் வீட்டுக்காரர் இறந்து ஒன்பது வருடமாகியும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. அவர் மேல் இருந்த அன்பு பாதி, உங்கள் மேல் இருந்த கோபம் பாதி. கடைசியில் உங்கள் நாய்தான் அதை விட வைத்தது.

இப்போது முன்னைவிட இரு மடங்கு மீன் வாங்குகிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன். எதையும் முழுதாகக் கேட்கும் பொறுமை உங்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. இப்போது குறுக்கே பேச முடியாத இடத்தில் இருக்கிறீர்கள், கேளுங்கள். உங்கள் நினைவுப் பூசையில் ஆளுக்காள் நல்லதாகவே பேசினார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். தொண்டை அடைத்துவிட்டது என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தொண்டை அடைக்கவில்லை, அக்கா. வாயைத் திறந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

அத்தான் இறந்த வருடம் வத்தளையில் ஒரு சிங்களப் பெண்ணிடம் அந்தக் குட்டியை வாங்கினீர்கள். அவர் அதைச் சூட்டி, சூட்டி என்று கூப்பிட்டாராம். சிங்களத்தில் சின்னஞ்சிறிசு என்று பொருள். அந்தப் பெயரையே வைத்துக்கொண்டீர்கள். சுத்தப் பொமரேனியன் என்று மாதா மேல் சத்தியம் செய்வீர்கள். காதைப் பார்த்தால் எனக்கு அதில் சந்தேகம்தான். அதற்குப் பிறகு பதினொரு வருடம் உங்கள் வீட்டில் அதற்குத்தான் முதல் மரியாதை. நான் வந்தால் பால் இல்லாத பிளேன்டீ, அதற்குப் பாலில் நனைத்த பிஸ்கட். நீங்கள் 'அவள்' என்பீர்கள். நான் விடாப்பிடியாக 'அது' என்பேன்.

குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு வெடித்த பிறகு உங்கள் மகன் கனடாவிலிருந்து வந்தான். "அம்மா இனித் தனிய இருக்கேலாது" என்று சொல்லி, உங்களைத் தன்னோடு கூட்டிப்போகக் காகிதங்களை எல்லாம் எழுதத் தொடங்கினான். வீடு ஒரே மாதத்தில் கை மாறியது. சூட்டியின் விஷயம்தான் முடியவில்லை. அந்த வயதில் அதை விமானத்தில் ஏற்றக் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று மிருக வைத்தியர் சொல்லிவிட்டார். இதயம் தாங்காதாம். உங்கள் இதயத்தை யாரும் சோதிக்கவில்லை.

மாதா கோயில் அறிவித்தல் பலகையில், கல்யாண அறிவித்தல்களுக்குப் பக்கத்தில், நீங்கள் ஒரு கடதாசியைக் குத்தினீர்கள். நல்ல குணமுள்ள பெண் நாய், நல்ல வீட்டுக்கு, வயது ஆறு. ஐந்து வயதைக் கழித்துவிட்டீர்கள். உங்களைக் கட்டிக்கொடுத்தபோது அப்பாவும் இரண்டைக் கழித்தவர்தான், நம் குடும்பத்துக்கு அது புதிதில்லை. ஆனால் ஊசி போட்ட புத்தகத்தில் பிறந்த திகதி இருந்தது. பெண் பார்க்க வருகிறவர்களைப் போல வந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், பல்லைப் பார்த்தார்கள், புத்தகத்தைக் கேட்டார்கள், யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள். ஒருவர் மட்டும் நேரே விஷயத்துக்கு வந்தார். "இது இனிக் குட்டி போடுமோ?" போடாது என்றதும் தேத்தண்ணியைக்கூடத் தொடவில்லை.

களனியில் ஒரு வீட்டார் கொண்டுபோய் மூன்றாம் நாளே திருப்பிக் கொண்டுவந்தார்கள். சோபாவில் மூத்திரம் போகிறதாம், வாசலைப் பார்த்து ஒரே அழுகையாம். அன்று நானும் உங்கள் வீட்டில் இருந்தேன். அந்தப் பெண் கூடையை உங்கள் காலடியில் வைத்துவிட்டு, வயது போனவற்றை யார் அம்மா எடுப்பார்கள் என்று சிங்களத்தில் சொன்னாள். நல்ல மனத்தோடுதான் சொன்னாள். நீங்கள் உங்கள் ஊன்றுகோலைப் பார்த்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரித்ததையும் நீங்கள் பார்த்தீர்கள்.

பிறகு கிராண்ட்பாஸில் பலகை விற்கிற ஒருவர் கேட்டார். நல்ல இடம் என்று கொடுத்தீர்கள். நான்காம் நாள் மனம் கேட்காமல், கோல் ஊன்றிக்கொண்டு த்ரீவீலில் போய்ப் பார்த்தீர்கள். கேற் ஓரத்தில், பெரிய நாயைக் கட்டுகிற சங்கிலியில் சூட்டியைக் கட்டி வைத்திருந்தார்கள். கழுத்தைச் சுற்றி மயிர் உதிர்ந்து தோல் தெரிந்தது. அந்த மனிதரிடம் தமிழிலும் சிங்களத்திலும் மிச்சம் வைக்காமல் கேட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தீர்களாம். திரும்பும் வழியில் த்ரீவீல்காரனும் உங்களோடு சேர்ந்து அவரைத் திட்டினான் என்று பெருமையாகச் சொன்னீர்கள்.

கொழும்பில் நாய் வளர்க்கக்கூடிய எல்லாரையும் கேட்டீர்கள். என்னைக் கேட்கவில்லை. நான் தனி ஆள், ஓய்வு பெற்றவள், இரண்டாம் மாடியில் மூன்று அறை. ஒவ்வொரு ஞாயிறும் வந்து உங்கள் முன்னால் உட்கார்ந்து, இன்றாவது கேட்பீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நாய் மேல் ஆசையா என்றால், அப்போது இல்லை. நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஏன் கேட்கவில்லை என்று நம் இருவருக்கும் தெரியும். அம்மாவுக்கு நினைவு தப்பிய பிறகு ஆறு மாதம் உங்களிடம், ஆறு மாதம் என்னிடம் என்று பேசிக்கொண்டோம். என் முறை வந்தபோது நான் கந்தோர் வேலைக்குப் போகிறவள். அம்மா இரண்டு தரம் கதவைத் திறந்துகொண்டு போய்க் காலி வீதியின் நடுவில் நின்றுவிட்டார். மூன்றாம் தரத்துக்குப் பயந்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டேன். ஆறு மாதம் முடிந்ததும் நீங்கள் கூட்டிப்போவீர்கள் என்ற எண்ணம். நான்காம் மாதம் அம்மா அங்கேயே முடிந்துபோனார். செத்தவீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும், நான் பக்கத்தில் நிற்க, "இவள்தான் கொண்டுபோய் விட்டவள்" என்று சொல்லிக்கொண்டிருந்தீர்கள். இடையில் நீங்கள் ஏன் போய்க் கூட்டிவரவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. இருபது வருடமாகக் கேட்காமல் வைத்திருந்தேன்.

நீங்கள் புறப்படுகிற கிழமை நானே வாய் விட்டேன். "என்னட்டை விட்டிட்டுப் போங்கோவன்" என்றேன். நீங்கள் சூட்டியின் கண்ணோரத்து மயிரைக் கத்தரித்துக்கொண்டிருந்தீர்கள். தலையை நிமிர்த்தவில்லை.

"உன்னட்டை விடுறதுக்குப் பேலியகொடையில மீன் மார்க்கெட்டில விடலாம். அங்க சாப்பாடெண்டாலும் கிடைக்கும்."

இந்த ஊரில் நாயை வைத்திருக்க முடியாதவர்கள் செய்வது அதுதானே. ஒன்று பௌத்தப் பன்சலை வாசலில் விடுவார்கள், இல்லாவிட்டால் மீன் சந்தையில் விடுவார்கள். அங்கே சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லிக்கொண்டு, புண்ணியம் செய்த முகத்தோடு வீட்டுக்கு வருவார்கள். அந்த மனிதர்களுக்கும் கீழே என்னை வைத்தீர்கள். நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம், இரண்டு மாடியும் கோலோடு ஏறி என் வாசலில் நின்றீர்கள். த்ரீவீல்காரன் பின்னால் கூடையோடு வந்தான். வேறு வழியில்லாமல்தான் வந்திருக்கிறேன் என்பதை உங்கள் முகம் நன்றாகவே சொன்னது. ஒரு கொப்பித் தாளில் எப்படிப் பார்ப்பது என்று எழுதியிருந்தீர்கள். சூடை மீனை முள் எடுத்துப் பிசைய வேண்டும். படி ஏற விடக் கூடாது. இடி இடித்தால் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கடைசி வரியில், 'ஒருவரிடமும் தள்ளிவிடாதே.' உங்கள் பழைய நைட்டி ஒன்றைக் கூடைக்குள் விரித்திருந்தீர்கள். சூட்டியின் தலையைத் தடவினீர்கள். என்னிடம், "கதவைப் பாத்துச் சாத்து" என்றீர்கள். நாம் இருவரும் நேரில் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு அதுதான்.

நான்கு நாள் சூட்டி வாசலை விட்டு அசையவில்லை, ஒரு பருக்கை தின்னவில்லை. ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. பருப்புச் சோறும் பாலும் காட்டிப் பார்த்துத் தோற்றுப்போய், படத்திலிருந்த என் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சந்திக்குப் போய் மீன் வாங்கி வந்து அவித்தேன். அன்று தின்றது. தின்றுவிட்டு என் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்தது. அது எப்போது எனக்கும் 'அவள்' ஆனது என்று தெரியாது. குளித்துவிட்டு வந்தால் கதவடியில் காத்திருப்பாள். காலில் விழுந்த தண்ணீரை நக்குவாள். என் வீட்டில் எனக்காக ஓர் உயிர் காத்திருந்து எத்தனையோ காலமாகிவிட்டிருந்தது, அக்கா. எனக்கு அவள் மேல் உயிரே வந்துவிட்டது. அதை உங்களிடம் ஒரு தரமாவது சொல்லியிருக்கலாம்.

சொல்லவில்லை. சனிக்கிழமை பின்னேரம் உங்கள் மகன் உங்களோடு இருக்கும்போது ஃபோன் எடுப்பான். இங்கே ஞாயிறு காலை. நீங்கள் என்னை நலம் கேட்க மாட்டீர்கள், "சூட்டியிட்டைக் குடு" என்பீர்கள். நான் ஃபோனை அவள் காதருகே வைப்பேன். உங்கள் குரல் கேட்டதும் அவள் எழுந்து கட்டிலுக்கு அடியில், அல்மாரிக்குப் பின்னால் எல்லாம் உங்களைத் தேடுவாள். பிறகு வாசலில் போய் உட்காருவாள். மத்தியானம்வரை அசையமாட்டாள். "என்னைத் தேடுறாளோ?" என்று நீங்கள் ஒவ்வொரு முறையும் கேட்டீர்கள். "இல்லை, மறந்திட்டாள்" என்று நான் ஒவ்வொரு முறையும் சொன்னேன்.

ஏழாம் மாதம் உங்கள் மகன் உங்களை ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தான். அவனும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், படி உள்ள வீடு, பனிக்காலம். காரணம் எல்லாம் சரியான காரணங்கள்தான். அம்மா விஷயத்தில் என் காரணங்களும் அப்படித்தான் இருந்தன. அதைக் கேள்விப்பட்டபோது எனக்குள்ளே ஒரு சந்தோஷம் எழுந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன். அன்று பிளேன்டீயில் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டுக் குடித்தேன்.

பிறகு அந்த ஞாயிறு வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு உங்களை வீட்டுக்குக் கூட்டிப்போய், மத்தியானச் சாப்பாடு தந்து, நாலு மணிக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டிருந்தார்கள். அந்தக் கோபம் முழுவதும் உங்கள் தொண்டையில் இருந்தது. உங்கள் மகன் ஃபோனை உங்கள் கையில் தந்துவிட்டுக் கோப்பி வாங்கப் போயிருந்தான். நீங்கள் சூட்டியைக் கேட்டீர்கள். அவள் என் செருப்பின் மேல் தலை வைத்து நல்ல நித்திரை.

"படுத்திருக்கிறாள். பிறகு கதையுங்கோ" என்றேன்.

"எழுப்பு."

"பாவம், வயசு போனது. படுக்கட்டும்."

நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள். "உண்மையைச் சொல்லு. அம்மாவைக் கொண்டுபோய் விட்ட மாதிரிச் சூட்டியையும் எங்கையாவது விட்டிட்டியோ?"

நான் யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்தது போல வந்தது.

"ஓம். பேலியகொடையில விட்டிட்டன். நீங்கள் சொன்ன இடம்தானே. சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை."

அந்தப் பக்கம் தள்ளுவண்டி ஒன்று போகும் சத்தம் கேட்டது.

"எப்ப?"

"நீங்கள் போய் அடுத்த கிழமை."

"அப்ப நான் இவ்வளவு நாளும் ஆரோட கதைச்சனான்?"

"என்னோடதான்" என்றேன்.

நீங்கள் ஃபோனை வைத்துவிட்டீர்கள். சூட்டி ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தூங்கினாள். கீழே கடைக்குப் போகும்போது எனக்குள் ஏதோ லேசாகி இருந்தது. இருபது வருடத்துக்கு ஒரு அடி திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு உங்கள் மகன்தான் பேசினான். "அம்மா கதைக்கேல்லையாம், சின்னம்மா. ஏதும் பிரச்சினையோ?" ஒன்றுமில்லை என்றேன். அந்த நிமிடமே கமராவைப் போட்டுக் காலடிக்குத் திருப்பியிருந்தால் போதும், சூட்டி தெரிந்திருப்பாள். பொய்க்காரி என்றும் நாயென்றும் நாலு வார்த்தை திட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பீர்கள். நான் திருப்பவில்லை. உங்கள் வாயால் கேளுங்கள் என்று இருந்தேன். இன்னும் ஒரு கிழமை கிடந்து வேகட்டும் என்றுகூட நினைத்தேன், இதே வார்த்தையில். அதற்கடுத்த ஞாயிறும் நீங்கள் பேசவில்லை. அந்த வியாழக்கிழமை, சளி நெஞ்சில் இறங்கி, நீங்கள் முடிந்துபோனீர்கள்.

அடக்கத்தை ஃபோனில் பார்த்தேன். சூட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். பாட்டும் செபமும் மட்டும் கேட்டதால் அவள் அசையவில்லை.

நீங்கள் இறந்து ஐந்தாம் நாள் உங்கள் மகன் அழைத்தான். அழுது களைத்த குரலில் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. "சின்னம்மா, ஒரு நல்ல விஷயம். சூட்டி கிடைச்சிட்டுது."

சூட்டி அப்போது என் முன்னால் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் எல்லாவற்றையும் சொன்னான். "அம்மா கடைசியா என்னட்டை இது ஒண்டுதான் கேட்டவ. சூட்டி உங்கட கையை விட்டு ஓடிட்டுதாம், பேலியகொடைப் பக்கம் கண்டதா ஆரோ சொன்னவையாம். நீங்கள் அழுதழுது இருக்கிறியளாம், உங்களிட்டைக் கேட்டுப் புண்ணைக் கிளற வேண்டாமெண்டு சொன்னவ. நான் நிஸாமிட்டைச் சொன்னனான். என்னோட படிச்சவன், கிராண்ட்பாஸில கடை வைச்சிருக்கிறான். அவன் போய்த் தேடிக் கண்டுபிடிச்சு, கடையில வைச்சுக்கொண்டு படம் அனுப்பினவன். அம்மா படத்தைக் கனநேரம் பாத்தவ. ஓம், இவள்தான் எண்டு சொன்னவ."

ஓடிவிட்டது என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் விட்டேன் என்று சொல்லவில்லை. செத்தவீட்டில் ஊருக்கே என்னைக் காட்டிக்கொடுத்த வாய், பெற்ற மகனிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் அழுதழுது இருக்கிறேனாம். அந்த இரண்டு கிழமையும் நான் ஒரு சொட்டு அழவில்லை, அக்கா. வேளைக்குச் சாப்பிட்டு நன்றாகத் தூங்கினேன்.

அப்போதாவது அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். "கொண்டுவரச் சொல்லு" என்றேன்.

அடுத்த நாள் காலை நிஸாம் வருகிற நேரத்துக்குச் சூட்டியைத் தூக்கிக் குளியலறையில் விட்டுக் கதவைப் பூட்டினேன். உங்கள் நைட்டியையும் உள்ளே விரித்தேன், சத்தம் போடாமல் கிடக்கட்டும் என்று.

நிஸாம் நாற்பது வயது மதிக்கத்தக்க, தாடி வைத்த, சாந்தமான மனிதர். ஐஸ் போட்டு மீன் அனுப்புகிற ரிஜிபோம் பெட்டி ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு மாடி ஏறி வந்திருந்தார். உள்ளே ஒரு நாய். வெள்ளை என்று சொல்லலாம். ஒரு காது கிழிந்திருந்தது, வாலில் பாதி இல்லை. பெட்டியிலிருந்து இறங்கிக் கதிரைக் காலில் மூத்திரம் போனது. ஆண் நாய், அக்கா.

"ரெண்டு நாள் சுத்தின ஆன்ட்டி. அங்க வெள்ள நாய் மட்டும் பத்துக்கு மேல ஈக்கி" என்றார். "இது மீன் தண்ணி ஓடுற கானடியில படுத்து ஈந்திச்சி. கை படாம பெட்டிக்குள்ள போடத்தான் பார்த்த. வருதில்ல. பொறகு தூக்கின."

நாயைத் தொட்டால் முஸ்லிம்கள் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். நமக்குச் சின்ன வயதிலிருந்தே தெரிந்த விஷயம். கழுவினீர்களா என்று கேட்டேன். "கழுவின கழுவின, அது ஒரு வேலயா" என்று சிரித்தார். "ஒங்கட அக்கா எனக்குச் சின்னதுல எத்தின தரம் சோறு போட்டு ஈக்கிறாங்க. கடைசியா எனக்கே வொய்ஸ் மெசேஜ் போட்டாங்களே."

நான் தடுப்பதற்குள் அதைப் போட்டுவிட்டார். என் வீட்டு நடு அறையில் உங்கள் குரல் வந்தது. மூச்சு இரைக்க இரைக்க.

"நிஸாம் மகன், அதைத் தங்கச்சியிட்டைக் கொண்டுபோய்க் குடுத்துவிடும். அவளிட்டை ஒண்டும் கேக்காதையும். அவளுக்கு வாய்தான் பொல்லாதது. இப்ப ரோட்டு ரோட்டாத் தேடிக்கொண்டு திரிவாள்."

குளியலறைக் கதவு அதிர்ந்தது. சூட்டி உடம்பால் கதவை மோதினாள். பிறகு இரண்டு கையாலும் சுரண்டத் தொடங்கினாள், ஊளையும் அழுகையுமாக. அப்படி ஒரு சத்தம் அவளிடமிருந்து நான் கேட்டதே இல்லை.

நிஸாம் திரும்பிப் பார்த்தார். "உள்ள நாய் ஒண்டு ஈக்கா ஆன்ட்டி?"

"பக்கத்து வீட்டு நாய்" என்றேன். "சுவர் மெல்லிசு. இங்க சத்தம் கேக்கும்."

"அப்ப சரி" என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "ஆன்ட்டி தேடி அலைஞ்சி ஈப்பீங்க. இனி நிம்மதியா ஈங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

கதவைத் திறந்தபோது சூட்டியின் முன்கால் நகம் ஒன்று உடைந்து இரத்தம் கசிந்தது. என்னை அவள் பார்க்கவில்லை. நேரே நடு அறைக்கு ஓடி, கதிரைக்கு அடியில், கட்டிலுக்கு அடியில், அல்மாரிக்குப் பின்னால் தேடினாள். பேலியகொடை நாயை ஒரு முறை மோந்தாள், அதில் நீங்கள் இல்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டாள். பிறகு வாசலில் போய் உட்கார்ந்தாள். அந்த நாயும் என்னவென்று தெரியாமல் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. நான் தரையில் இருந்து இரத்தத்தைத் துடைத்தேன். அப்போதுதான், நீங்கள் இறந்து ஆறாம் நாள், எனக்கு அழுகை வந்தது.

அந்தப் படம் சூட்டி இல்லை என்று உங்களுக்குத் தெரியாதா? பதினொரு வருடம் கண்ணோரத்து மயிர் வெட்டிய கை உங்களுடையது. கண்ணில் புரை இருந்தது, ஃபோன் சின்னது, காய்ச்சல், எல்லாம் சரிதான். நீங்கள் ஏமாந்துபோய் நிம்மதியாகப் போயிருந்தால் எனக்கும் கொஞ்சம் ஆறுதல். தெரிந்துகொண்டே, என் கையில் ஒரு நாயாவது வந்து சேரட்டும் என்று ஓம் சொல்லியிருந்தால், அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம். அந்த வசதியையும் எடுத்துவிட்டீர்கள்.

அந்த நாயை நான் எங்கேயும் விடவில்லை. பெயர் வைக்கவும் கை வரவில்லை, சூட்டி என்ற பெயரோடுதான் அது வந்தது. கூப்பிட்டால் இரண்டும் வருகின்றன. மூத்தவளுக்குக் கண் மங்கிவிட்டது, அதன் பின்னால் ஒட்டிக்கொண்டே நடக்கிறாள். எத்தனை குளிப்பாட்டினாலும் மழை பெய்தால் அதன் மேல் மீன் தண்ணி வாடை வருகிறது. உங்கள் மகனுக்கு இன்னும் சொல்லவில்லை. நீங்கள் எனக்காகச் சொன்ன பொய்யை நான் உடைக்கக் கூடாது என்று காரணம் வைத்திருக்கிறேன். எனக்குக் காரணங்கள் எப்போதும் சரியாகத்தான் அமையும்.

அந்தக் குரலை நிஸாமிடம் கேட்டு என் ஃபோனுக்கு வாங்கிக்கொண்டேன். ஒரே ஒரு நாள் நடு அறையில் போட்டேன். சூட்டி அன்று முழுவதும் வாசலிலேயே இருந்தாள், தின்னவில்லை. அதற்குப் பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய், கதவைப் பூட்டி, சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்துத்தான் கேட்கிறேன். எவ்வளவு குறைத்தாலும் அவளுக்குக் கேட்டுவிடுகிறது. வெளியே நின்று கதவைச் சுரண்டுகிறாள். கீழ்ப்பக்கம் பெயின்ட் எல்லாம் போய்விட்டது. தேடிக்கொண்டு திரிவாள் என்று நீங்கள் சொல்லும் இடம்வரை கேட்டுவிட்டு நிறுத்திவிடுவேன்.

மீன் ஆறிவிட்டது, அக்கா. இரண்டும் காலடியில் வந்து நிற்கின்றன. முள் எடுக்க வேண்டும்.